டைம்அவுட் என்று வந்தால் டிரைவரைத்தான் குறை சொல்ல வேண்டுமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டின் முன்னறையிலேயே கணக்கு எழுதும் அலுவலகம் நடத்துகிறார் இந்த வாசகி. எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகள் சிலவற்றுக்கும், காசிமேட்டில் படகு வைத்திருக்கும் சிலருக்கும் டேலியில் கணக்கு எழுதி மாதா மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுத் தருகிறார். கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருப்பது ஒரு சிறிய எஸ்எஸ்டியில். வாடிக்கையாளர்களின் கணக்கு முழுவதும் 14 மாதங்களுக்கு முன் வாங்கிய 2 டிபி ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.

மூன்று மாதமாக ஒரு தொல்லை. என்ட்ரி போட்டு என்டர் தட்டினால் சில சமயம் திரை அப்படியே நின்றுவிடுகிறது. கேபினெட்டில் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. ஒரு நிமிடம் போல ஆனதும் தானாக விடுபட்டு ஓடுகிறது. பொறுக்க முடியாமல் சில தடவை பவர் பட்டனை அழுத்தி அணைத்தும் இருக்கிறார். இன்ஜினியரிங் படிக்கும் அவருடைய அண்ணன் மகன், விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்து, 129, 153 என்ற எண்களில் எச்சரிக்கைகள் வரிசையாக இருப்பதைக் காட்டி, "அத்தை, இது டிரைவர் டைம்அவுட். ரெஜிஸ்ட்ரியில் நேரத்தைக் கூட்டினால் போதும்" என்றாராம். (டிரைவர் என்பது டிஸ்க் போன்ற கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் இடம்.) சர்வீஸ் கடையில் ஃபார்மட் அடித்து விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். பத்து நாள் நன்றாக இருந்து, திரும்பவும் அதே கதை. இப்போது அந்தக் கடை மதர்போர்டை மாற்றச் சொல்கிறது. டிஸ்க் நன்றாகவே இருக்கிறது என்றும், டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் அதைக் 'குட்' என்று காட்டுகிறது என்றும் சொல்கிறார்கள். அந்தத் திரையைப் படம் எடுத்தும், 153 பதிவில் ஒரு வரியை எழுதியும் வாசகி அனுப்பியிருக்கிறார். கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி: "கேபினெட்டைத் தொட்டால் சில நேரம் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது, அது பழகிவிட்டது."

அவர் கேட்பது மூன்று. இது டிரைவர் கோளாறா? டைம்அவுட் நேரத்தைக் கூட்டலாமா? டிஸ்க்குக்கு வாரன்டி இருக்கும்போது கடையிடம் சண்டை போட்டுப் புது டிஸ்க் வாங்கலாமா?

பதில்

அன்புள்ள சகோதரி,

மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 2 டிபி டிஸ்கில் இருப்பதற்கு வேறு பிரதி இருக்கிறதா என்று கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. இல்லையென்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இந்தப் பதிலை இதோடு மூடி வைத்துவிட்டு, ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து டேலி டேட்டா ஃபோல்டரை முதலில் அதில் காப்பி எடுங்கள். டேலியை மூடிவிட்டு எடுங்கள், திறந்து வைத்துக்கொண்டு வேண்டாம். இந்த நிதியாண்டின் கணக்கு முதலில், அப்புறம் போன ஆண்டு, அப்புறம் ஸ்கேன் செய்த பில்கள். சினிமா, போட்டோ எல்லாம் கடைசி. காப்பி முடியும்வரை அந்த டிஸ்கில் புதிய என்ட்ரி எதுவும் போடாதீர்கள்.

காப்பி நடுவில் நின்றுவிடக்கூடும். உங்கள் அண்ணன் மகனுக்கு, விண்டோஸோடு வரும் காப்பி கட்டளையான ரோபோகாப்பி தெரிந்திருக்கும். அதை அப்படியே ஓட்டினால் படிக்க முடியாத ஒரு ஃபைலுக்காக 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் தடவை முயலும். அதன் இயல்பான அமைப்பு அப்படி. ஒரே தடவை மறுமுயற்சி, ஒரு விநாடி காத்திருப்பு என்று மாற்றிக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள். சிக்கும் ஃபைல்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடும். விடுபட்டவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, திரை நிற்கும்போது பவர் பட்டனை அழுத்தாதீர்கள். அந்த ஒரு நிமிடம் எரிச்சலாக இருக்கும், புரிகிறது. ஆனால் விண்டோஸ் அந்த நேரத்தில் டிஸ்கோடு மறுபடி பேச முயன்றுகொண்டிருக்கிறது. பாதி எழுதிய நிலையில் மின்சாரத்தை வெட்டினால் டேலியின் கம்பெனி டேட்டா கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது. இதுவரை அப்படி நடக்காதது உங்கள் நல்ல நேரம்.

டைம்அவுட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

கடைசித் தேதி மாலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் டைம்அவுட் என்கிறது. தளம் திணறுகிறதா, உங்கள் பிராட்பேண்ட் போய்விட்டதா, மூலையில் இருக்கும் ரவுட்டர் தொங்கிவிட்டதா? அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. பதில் வரவில்லை, காத்திருந்த நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க் டைம்அவுட்டும் இதேதான்.

நீங்கள் என்டர் தட்டியதும் டேலியின் கோரிக்கை விண்டோஸின் ஃபைல் சிஸ்டத்துக்குப் போகிறது. அங்கிருந்து டிஸ்க் டிரைவர், அதன் கீழே ஸ்டோர்போர்ட் என்ற அடுக்கு, அதன் கீழே, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கன்ட்ரோலரை ஓட்டும் டிரைவர், மதர்போர்டில் இருக்கும் சாக்கெட், ஒரு மெல்லிய சாட்டா கேபிள், டிஸ்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டு, கடைசியில் சுழலும் தட்டு. இதற்குப் பக்கவாட்டில் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையில் இருந்து வரும் மின்சாரம். இவற்றில் எது சொதப்பினாலும் மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: பதில் வரவில்லை. விண்டோஸ் வழக்கமாக 60 விநாடி பொறுத்துப் பார்க்கும். பிறகு அந்த போர்ட்டை ரீசெட் செய்துவிட்டு 129 என்ற எண்ணில் பதிவு எழுதும். தோற்ற கோரிக்கையை மறுபடி அனுப்பினால் 153. உங்கள் ஒரு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆக, டிரைவர் பெயரில் செய்தி வந்ததாலேயே டிரைவர் குற்றவாளி ஆகிவிடாது. புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே வைத்தது போலத்தான் உங்கள் கடையில் ஃபார்மட் அடித்திருக்கிறார்கள். உங்கள் அண்ணன் மகனைக் குறை சொல்லவில்லை. ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்க்கத் தோன்றியதே பெரிய விஷயம். அவர் இன்னும் ஓர் அடி கீழே இறங்கிப் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

நேரத்தைக் கூட்டலாமா?

ரெஜிஸ்ட்ரியில் டிஸ்க் சர்வீஸின் கீழ் டைம்அவுட் வேல்யூ என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதை 60-இலிருந்து 120 ஆக்கினால் என்ன ஆகும்? பதிலே வராத கோரிக்கைக்கு விண்டோஸ் ஒரு நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடம் காத்திருக்கும். உங்கள் திரை இரண்டு நிமிடம் நிற்கும். ஈவென்ட் வியூவரில் எச்சரிக்கைகளின் எண்ணிக்கை குறையும், அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். எனக்கு இதுதான் பயம்.

கூட்டுவது சரியாக இருக்கும் இடங்கள் உண்டு. பெரிய நிறுவனங்களில் ஸ்டோரேஜ் தனிப் பெட்டியாக நெட்வொர்க்கில் இருக்கும். ஒரு பாதை அறுந்தால் இன்னொரு பாதைக்கு மாற அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். விர்ச்சுவல் மெஷின்களிலும் அப்படித்தான். அங்கே பதில் தாமதமாக வரும், ஆனால் வந்துவிடும். உங்கள் மேஜைக்கு அடியில் ஒன்றரை அடி கேபிளில் இருக்கும் டிஸ்க்குக்கு 60 விநாடி என்பதே மிக நீண்ட அவகாசம். கூட்டாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்திலேயே பதில் இருக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் இதைத்தான் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

129-ஆம் எண் பதிவு, ரெய்ட்போர்ட்0 என்று கன்ட்ரோலரின் பெயரை மட்டும் சொல்கிறது. எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இரண்டும் ஒரே கன்ட்ரோலரில் இருக்கும்போது எதில் சிக்கல் என்று அதிலிருந்து தெரியாது. 153-தான் ஆளைக் காட்டும். நீங்கள் எழுதி அனுப்பிய வரியில் 'டிஸ்க் 1' என்று இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து டிஸ்க் 1 எது என்று பாருங்கள். 2 டிபி என்று இருந்தால் சந்தேகம் விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி மேல் இல்லை. ஃபார்மட் அடித்தது எஸ்எஸ்டியில். சிக்கல் இருப்பது இன்னொன்றில். பத்து நாள் நன்றாக இருந்ததற்கு ஒரு எளிய காரணம் இருக்கலாம்: ஃபார்மட்டுக்காகக் கேபிள்களைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். கழற்றி மாட்டினாலே தொடர்பு கொஞ்ச நாள் சீராகும்.

அடுத்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. மேலே நீல நிறத்தில் 'குட்' என்று இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு டிஸ்க்கைப் பற்றி முடிவு சொல்வது தவறு. கூகுள் நிறுவனம் தன்னிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' அளவீடுகளில் முக்கியமான நான்கில் ஒன்றில்கூட முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை. ஆக 'குட்' என்றால் புகார் பதிவாகவில்லை என்று மட்டும் பொருள். கீழே இருக்கும் பட்டியலைப் படிக்க வேண்டும்.

உங்கள் பட்டியலில் 05, சி5, சி6 மூன்றும் சுழி. கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (தட்டில் இருக்கும் சிறு பதிவுத் துண்டுகள்), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், திருத்தவே முடியாதவை என்று வரிசையாகச் சொல்லும் எண்கள் அவை. சுழி என்பது நல்ல செய்தி. தட்டில் தழும்பு இருப்பதற்கான தடயம் இதுவரை இல்லை.

ஆனால் சி7 வரிசையைப் பாருங்கள். 00000000032ஏ என்று இருக்கிறது. நடுவில் எழுத்து வருவதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை போலிருக்கிறது. இந்த மென்பொருள் அந்த எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டுவது வழக்கம். அமைப்பில் மாற்றினால் நமக்குப் பழகிய பத்தின் அடிமானத்தில் காட்டும். 32ஏ என்பது 810. மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் போன தகவல் 810 தடவை வழியில் சிதைந்து, சரிபார்ப்பில் பிடிபட்டு, திரும்ப அனுப்பப்பட்டிருக்கிறது. நல்ல கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் இது வருஷக் கணக்காகச் சுழியிலேயே இருக்கும். பெரும்பாலும் சிதைவு உடனே சரியாகிவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கட்டளையோ பதிலோ அடியோடு தொலைந்துபோகும்போதுதான் இரண்டு பக்கமும் சும்மா காத்திருக்கும், அப்போது உங்கள் திரை நிற்கும்.

அதே படத்தில் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற இடத்தில் சாட்டா/300, சாட்டா/600 என்று இரண்டு எண்கள். டிஸ்க்கால் 600-இல் ஓட முடியும், இப்போது ஓடுவது 300-இல். உங்கள் மதர்போர்டில் அந்தச் சாக்கெட்டே பழைய வேகத்தில் இருந்தால் இதில் அர்த்தம் இல்லை. அப்படி இல்லையென்றால் பாதை சரியில்லாததால் வேகம் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் கேபிள் மேலும், அதன் இரண்டு முனைகளின் மேலும்தான். படத்தை வைத்துச் சொல்கிறேன், பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு ஆறுதல்: சிதைந்தது பிடிபட்டுத் திரும்ப அனுப்பப்படுவதால், நீங்கள் இப்போது எடுக்கும் காப்பி பொய்யாக இருக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

உங்கள் ஊரின் காற்று

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி வாழ்பவர்களுக்கு ஜன்னல் கம்பியும் கேஸ் அடுப்பும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குள்ளும் அதே காற்றுதான் போகிறது. டேட்டா கேபிளின் முனையில் ஏழே ஏழு மெல்லிய தகடுகள், மின்சார முனையில் பதினைந்து. அவற்றின் மேல் படியும் ஈரமும் உப்பும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலே போதும், இவ்வளவு வேகமாகப் போகும் சிக்னல் தடுமாறும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் டேட்டா சென்டர்களை வைத்து 2016-இல் வந்த ஓர் ஆய்வு, வெளிக்காற்றால் குளிரூட்டும் இடங்களில் டிஸ்க் கோளாறுகளை வெப்பத்தைவிட ஈரப்பதமே அதிகம் பாதிக்கிறது என்றும், அந்தக் கோளாறுகளில் பெரும்பங்கு கன்ட்ரோலர், இணைப்பு சம்பந்தப்பட்டவை என்றும் கண்டது. நம்மவர்கள் ஃபேன் ஓடுகிறதா, சூடு ஏறுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வட சென்னைக் கடலோரத்தில் ஈரத்தையும் பார்க்க வேண்டும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று ஓரமாக எழுதியிருக்கிறீர்களே, அது ஓரத்தில் எழுத வேண்டிய விஷயமே இல்லை. உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை அல்லது அறுந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் ஃபில்டரில் இருந்து கசியும் சிறு மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. பழகிக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் உள்ள ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். டிஸ்க்குக்கு முன்னால் உங்களுக்காக இதைச் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம், எந்த வரிசையில்

காப்பி எடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். சி7-இன் எண்ணைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த எண் ஒருபோதும் இறங்காது. கேபிளை மாற்றினாலும் 810 அப்படியேதான் இருக்கும். மேலே ஏறுகிறதா என்பதே கேள்வி.

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சாட்டா டேட்டா கேபிளைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். பூட்டு வைத்த, மடிப்பு இல்லாத கேபிளாக இருக்கட்டும். நூறு, இருநூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். 129, 153 வரவில்லை, சி7 நகரவில்லை என்றால் வேலை முடிந்தது. நகர்ந்தால் மதர்போர்டில் வேறு சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள். அதற்கும் நகர்ந்தால் டிஸ்க்குக்கு வரும் மின்சார வயரைப் பாருங்கள். பழைய நான்கு முனை பிளக்கில் இருந்து சாட்டாவுக்கு மாற்றும் துண்டு வயர் போட்டிருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து நேராக வரும் முனையைக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும், அடுத்த தடவை மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பீர்கள்.

டிரைவரையும் விட்டுவிடவில்லை. சி7 அசையாமல் நின்று, அப்போதும் டைம்அவுட் வந்தால் அடுத்து அதைத்தான் பார்க்க வேண்டும். சாட்டா இணைப்பைச் சும்மா இருக்கும் நேரத்தில் தூங்கவைக்கும் மின்சேமிப்பு ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சில டிஸ்க்குகள் அந்தத் தூக்கத்தில் இருந்து ஒழுங்காக எழுவதில்லை. பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை. இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவர் போட்டிருந்தால் அதற்குப் பதில் மைக்ரோசாஃப்ட்டின் சாதாரண ஏஹெச்சிஐ டிரைவரை வைத்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில், சாட்டா கன்ட்ரோலர் இயங்கும் முறை ஏஹெச்சிஐ என்று ஏற்கெனவே இருந்தால் மட்டும். பயாஸில் ரெய்ட் என்று இருப்பதை அவசரப்பட்டு ஏஹெச்சிஐ ஆக்கினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும்.

உங்கள் அண்ணன் மகனுக்கு ஒரு நல்ல சோதனை சொல்கிறேன். உபுண்டு என்ற இலவச லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு, எதையும் இன்ஸ்டால் செய்யாமல், அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பச் சொல்லுங்கள். அந்த 2 டிபி டிஸ்க்கைப் படிக்க மட்டும் அனுமதித்துத் திறந்து பெரிய ஃபைல்களைப் படித்துப் பார்க்கட்டும். லினக்ஸ் வழக்கமாக 30 விநாடிதான் பொறுக்கும். லினக்ஸின் உள்பதிவான கெர்னல் பதிவில் 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்ற வரி அங்கும் வந்தால், விண்டோஸே இல்லாத இடத்திலும் கோளாறு தொடர்கிறது. விண்டோஸ் டிரைவரை அதோடு விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் இப்போதைக்குச் செய்யவே செய்யாதீர்கள். யாராவது விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை முழு ஸ்கேனோடு ஓட்டச் சொல்வார்கள். அது 2 டிபி முழுவதையும் ஓர் இடம் விடாமல் படிக்கும், மணிக்கணக்காக ஓடும், தனக்குப் புரியாததைத் 'திருத்தி' எழுதும். இணைப்பே தடுமாறும்போது ஃபைல் அட்டவணையைத் திருத்தவிட்டால் இருக்கும் கணக்கும் துண்டு துண்டாகப் போகலாம். காப்பி எடுத்து, கேபிளும் சரியான பிறகு வேண்டுமானால் பார்க்கலாம்.

இடையில் சி5 சுழியில் இருந்து ஏறினால் இந்த வரிசை எல்லாம் ரத்து. அந்த கூகுள் கட்டுரையிலேயே, மேற்பரப்பு ஸ்கேனில் முதல் பிழை காட்டிய டிஸ்க்குகள் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழையில்லாதவற்றைவிட 39 மடங்கு என்று வருகிறது. அப்போது காப்பியைச் சரிபார்த்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். டக் டக் என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள், மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

வாரன்டியும் கடையும்

வாரன்டி டிஸ்க்குக்குத்தான், அதில் இருக்கும் கணக்குக்கு இல்லை. தயாரிப்பாளர்களின் வாரன்டி நிபந்தனைகளில் டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருப்பது வழக்கம். மாற்றிக் கொடுத்தால் பழைய டிஸ்க் உங்களுக்குத் திரும்பி வராது. அதில் உங்கள் வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கி விவரம், கொள்முதல் பில் எல்லாம் இருக்கும். கொடுப்பதற்கு முன் முழுவதும் அழிக்க வேண்டும், அழிக்க முடியாத நிலையில் இருந்தால் வாரன்டி போனாலும் பரவாயில்லை என்று கையில் வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. இப்போதைய நிலையில் டிஸ்க் கெட்டதாகவே தெரியவில்லை. சண்டைக்கு இன்னும் நேரம் வரவில்லை. அதற்குள் டிஸ்க்கின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, இந்தியாவில் வாரன்டி இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று மட்டும் பார்த்து வையுங்கள். பில்லில் எழுதியிருப்பதும் தளம் சொல்வதும் வேறாக இருப்பது உண்டு.

மதர்போர்டை மாற்றச் சொல்லும் கடையிடம் சண்டை வேண்டாம், ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சோதனையை வைத்து மதர்போர்டு என்று சொல்கிறீர்கள், அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். கேபிளும் சாக்கெட்டும் மாற்றிப் பார்க்காமல் மதர்போர்டுக்குப் போவது அவசரம். கடைசியில் மாற்றியே ஆக வேண்டும் என்றால், டிரைவில் இருப்பதைக் கீ போட்டுப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போடும்போது அது தானாகவே ஆன் ஆகிவிடுவது உண்டு. போர்டு மாறினால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது இல்லையென்றால் டிரைவ் திறக்காது. கீயை முன்னாலேயே எழுதி வையுங்கள். கம்ப்யூட்டரைக் கடையில் விட்டுவிட்டு வருவதாக இருந்தால் 2 டிபி டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுங்கள்.

டிஸ்க் உண்மையிலேயே பழுது என்று தெரிந்து, வாரன்டி இருந்தும் மறுத்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை. தொழிலில் பார்த்த வரை சொல்கிறேன். "தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் வராது" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கணக்கில் எடுப்பதில்லை. நீங்களே உட்கார்ந்து கணக்கு எழுதுகிறீர்கள் என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அது போதாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டு வரை அவகாசம். பில், ஃபார்மட் அடித்ததற்கான ரசீது, ஈவென்ட் வியூவர் படங்கள், தேதி போட்ட சி7 தாள் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும்.

கேபிளை மாற்றி எல்லாம் சரியான பிறகும் ஒரு பொறுப்பு மிச்சம் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். சட்டப்படி அது உங்கள் வாடிக்கையாளர்களின் கடமைதான், ஆனால் நோட்டீஸ் வந்தால் அவர்கள் ஓடி வருவது உங்களிடம். ஒரே டிஸ்கில் அதை நம்பி வைக்காதீர்கள். இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வைத்துக்கொண்டு, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிக் காப்பி எடுங்கள். எடுத்ததும் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைக்க வேண்டாம். ஒன்று வேறு வீட்டில், அண்ணன் வீட்டில் இருந்தாலும் சரி. கடலோர ஈரத்துக்குக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு வையுங்கள். மாதம் ஒரு தடவை அதிலிருந்து ஒரு கம்பெனியை வேறு ஃபோல்டருக்கு எடுத்து டேலியில் திறந்து பாருங்கள், திறக்கிறதா என்று.

ஒரு வாரம் கழித்து சி7 எண் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். கேபிளின் இரண்டு முனைகளையும், மதர்போர்டு சாக்கெட்டையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.